சேலத்து வெயிலுக்கு ஒரு ஏர் பிஸ்டல்

பொழுதுபோக்குக்காகக் குறி பார்த்துச் சுட ஒரு சின்ன கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது .22 பற்றித்தான், அதாவது 0.22 அங்குல விட்டத் தோட்டா சுடும் துப்பாக்கி. சின்ன அளவு, சத்தம் குறைவு, வீட்டிலேயே வைத்துச் சுடலாம் என்று ஒரு நினைப்பு. அது தப்பு. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் முனையில் இருக்கும் ஈயம் சுமார் 2.6 கிராம். கைத்துப்பாக்கியிலிருந்து நொடிக்கு 300 மீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியேறும்போது அதன் ஆற்றல் 100 ஜூலைத் தாண்டும். தடுப்பு எதுவும் இல்லையென்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய் விழும். சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் சுட்டால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு உரிமமும் வேண்டும்: மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனரிடம், ஏற்காடு போல மாவட்டத்தின் மற்ற பகுதி என்றால் கலெக்டரிடம். உரிமம் கையில் இருந்தாலும் சுடுவதற்கு முறையான ரேஞ்ச், அதாவது சுடுதளம் வேண்டும்.

வீட்டில் அட்டையில் ஓட்டை போட நமக்கு வேண்டியது காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குல ஏர் பிஸ்டல். விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. கடையில் அடையாள அட்டை, முகவரிச் சான்று நகல் வாங்கிக்கொள்வார்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், ஒரு நகல் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஏற்காட்டுக்கு வண்டியில் எடுத்துப் போகும்போது வழியில் யாராவது கேட்டால் அதுதான் பேசும்.

கடையில் பேச்சு ஆரம்பிப்பது வேகத்தில். "இது 500 அடி போகுங்க சார்" என்பார்கள். போகட்டும், நமக்கு அது எதற்கு? அரை கிராம் பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டு, நொடிக்கு 120 மீட்டரில் போனால் ஆற்றல் 3.6 ஜூல். பத்து மீட்டரில் அட்டையைச் சுத்தமாகத் துளைக்க இது தாராளம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் போட்டியில் சுடும் துப்பாக்கிகளின் வேகமும் ஏறக்குறைய நொடிக்கு 150 மீட்டர்தான். கையடக்கத் துப்பாக்கியில் வேகம் கூடினால் உதைப்பும் கூடும், காக் பண்ண, அதாவது சுடத் தயாராக இறுக்க, வேண்டிய பலமும் கூடும், ட்ரிகரும் பெரும்பாலும் கெட்டியாகிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: காற்று எங்கிருந்து வருகிறது, ட்ரிகர் எப்படி, குறி பார்க்கும் சைட் எப்படி, கைப்பிடி கைக்குப் பொருந்துகிறதா.

காற்றை எடுத்துக்கொள்வோம். இதில்தான் சேலம் தன் வேலையைக் காட்டும்.

சீ.ஓ.டூ. பிஸ்டல் பார்க்க அழகு, வாங்க மலிவு, 12 கிராம் குப்பியைப் போட்டால் டப் டப் என்று சுடும். குப்பிக்குள் இருப்பது திரவமும் வாயுவும் கலந்த கரியமில வாயு. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்: 10 டிகிரியில் சுமார் 45 பார், 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.) 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று நிற்பதில்லை. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் விறுவிறுவென்று கூடும். சித்திரை மாதம் சேலத்தில் நிழலிலேயே 38, 40 டிகிரி. அந்த அழுத்தத்தில் சுத்தியல் போய் வால்வைத் தட்டினால் வால்வு சரியாகத் திறக்காது. பெல்லட் சோர்ந்து போய் விழும், சில சமயம் பேரலிலேயே நின்றுவிடும். நின்றது தெரியாமல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சத்தம் மாறினால் உடனே நிறுத்தி, அட்டையில் புது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே துப்பாக்கியை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குக் கொண்டு போனால் கதை தலைகீழ். மார்கழிக் காலையில் 15 டிகிரி என்றால் அழுத்தம் 50 பாரை ஒட்டி நிற்கும். வேகம் நொடிக்கு 120 மீட்டரிலிருந்து 105க்கு இறங்கிவிட்டால் 10 மீட்டரில் பெல்லட் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்து விழும். பத்துப் புள்ளிக்குப் போக வேண்டியது ஒன்பதுக்குப் போய்விடும், நீங்கள் உங்கள் கையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வேகமாகச் சுட்டாலும் இதே தொல்லைதான். வாயு விரியும்போது குப்பி குளிர்கிறது, பத்தாவது குண்டு முதல் குண்டைவிடத் தாழ்கிறது. குண்டுக்குக் குண்டு அரை நிமிடம் விட்டால் ஓரளவு சமாளிக்கலாம். குப்பிகளை வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விட்டு வைக்காதீர்கள்.

சீ.ஓ.டூ. வகையில் நிஜத் துப்பாக்கியின் அச்சு அசலாக வருகிறவை இன்னொரு வம்பு. அவற்றில் பல எஃகுக் குண்டு சுடுபவை. பேரலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் மரை இருக்காது, அதனால் குறி சரியாக விழாது. எஃகுக் குண்டு கெட்டியான எதில் பட்டாலும் வேகமாகத் தெறித்துத் திரும்பி வரும். இடுப்பில் செருகிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் வீட்டுக்கு யார் வருவார்கள் என்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிங் பிஸ்டல் பழைய ஆள். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்குவது. குப்பி வேண்டாம், வெயில் குளிர் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் குலுங்கும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் பிடித்தால்தான் ஒரே இடத்தில் விழும். மலிவான மடக்கு மாடல்களில் கீல் தளர்ந்து, முன் சைட் இருக்கும் பேரலும் பின் சைட் இருக்கும் உடலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு கோணத்தில் வந்து உட்காரும். வாங்கும்போது மடக்கி மூடியபின் பேரல் நுனியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆடினாலும் வைத்துவிடுங்கள். பெல்லட் போடாமல் சும்மா சுட்டுப் பார்க்கவும் கூடாது, எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் போய் மோதி வாஷர் நசுங்கும்.

ஒரே தம்மில் காற்றை அடைக்கும் சிங்கிள் ஸ்ட்ரோக் வகைதான் நம் வேலைக்குச் சரி என்பது என் கட்சி. நெம்புகோலை ஒரு முறை திறந்து மூடினால் வெளிக்காற்றே அறைக்குள் அழுத்தப்பட்டு நிற்கும். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. குப்பிச் செலவு இல்லை. பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகும் வசதி பல மாடல்களில் உண்டு. வைராக் ஹெச்.டபிள்யூ.40, ரஷ்ய பைக்கால் ஐ.இசட்.ஹெச்.46, கேமோ காம்பாக்ட், ஃபைன்வெர்க்பாவ் 103 எல்லாம் இந்த ஜாதி. கடைசியாகச் சொன்னது ஒரு காலத்தில் போட்டிக்கே போனது. இதிலும் ஏற்காட்டுக் கணக்கு ஒன்று உண்டு. சேலம் கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே, ஏற்காடு 1500 மீட்டரைத் தாண்டி. அங்கே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு, ஆகவே ஒரு தம்முக்கு உள்ளே போகும் காற்றும் குறைவு. சேலத்தில் சைட் சரிசெய்து மேலே போனால் பின் சைட்டின் திருகை ஓரிரு கிளிக் ஏற்ற வேண்டி வரலாம். சீ.ஓ.டூ. படுத்தும் பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

இந்த வகையில் கவனிக்க வேண்டியது விரல். நெம்புகோல் பாதியில் இருக்கும்போது பிடி நழுவினால் மேல்பாகம் படாரென்று மூடும், இடையில் விரல் மாட்டினால் தோல் கிழியும். மூடும்வரை கையை எடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் பல மாடல்களைத் தனியாக மூட முடியாது. பிள்ளைக்காக வாங்குவதாக இருந்தால் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். காற்றை அடைத்தபடி மணிக்கணக்கில் விட்டு வைத்தால் சீல் அமுங்கிக் கசிய ஆரம்பிக்கும்.

200 பார் சிலிண்டரில் முன்கூட்டியே காற்றை நிரப்பும் பி.சி.பி. வகை போட்டிக்காரர்களுடையது: ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இருப்பதால் மலையும் வெயிலும் ஒன்றும் செய்யாது. ஆனால் நிரப்ப ஹேண்ட் பம்ப் அல்லது பெரிய சிலிண்டர் வேண்டும். போட்டித் துப்பாக்கிச் சிலிண்டருக்கு ஆயுள் பத்து ஆண்டுதான், தேதி அதன்மேலேயே அடித்திருக்கும். பழையது வாங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான். ஏற்காட்டு மூடுபனியில் நின்று ஹேண்ட் பம்ப் அடித்தால் ஈரமும் சேர்ந்து உள்ளே போய்த் துருவாக மாறும். வாரத்துக்கு நூறு குண்டு சுடுகிறவருக்கு இத்தனை வம்பு தேவையில்லை.

அடுத்தது ட்ரிகர். நல்ல ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டம் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும், அதற்குமேல் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடிக் குச்சி உடைவதுபோல் விடுபட வேண்டும். மணலில் இழுப்பதுபோல் நரநரவென்று வந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வையுங்கள். சர்வதேசப் போட்டி விதி குறைந்தது 500 கிராம் என்கிறது. பழகுகிறவருக்கு 700 முதல் 1000 கிராம் வரை நல்லது, அதற்குக் கீழே போனால் நினைப்பதற்கு முன்பே வெடிக்கும். அளந்து பார்க்கத் தராசு வேண்டாம். பெல்லட் இல்லை என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, பேரலைச் செங்குத்தாக மேலே நிமிர்த்திப் பிடித்து, ட்ரிகரில் ஒரு நூலை மாட்டி அதில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் 500 கிராம், பாட்டில் ஒரு இருபது கிராம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எங்கே விடுபடுகிறது என்று பாருங்கள். ஐந்து முறை செய்தால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே எடையில் விடுபட வேண்டும். ஒரு முறை 600, மறுமுறை 900 என்றால் உள்ளே கொக்கி தேய்ந்திருக்கிறது.

சைட் விஷயத்தில் ஒரு கணக்கு போட்டால் எதை வாங்குவது என்று தானே தெரியும். பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடைவெளி 300 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் 10 மீட்டரில் பெல்லட் 16 அல்லது 17 மில்லிமீட்டர் ஒதுங்கும். நடுவில் விழ வேண்டியது எட்டில் விழும். இடைவெளி 200 மில்லிமீட்டர்தான் என்றால் அதே அரை மில்லிமீட்டர் 25 மில்லிமீட்டராகி ஏழுக்குத் தள்ளும். கை ஆடுவது இவ்வளவு கெடுதல் செய்யாது: சைட் நேராக இருந்து முழுத் துப்பாக்கியும் பக்கவாட்டில் பத்து மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் பத்துதான் நகரும். அதனால் நீளமான சைட் இடைவெளி, திருகி நகர்த்தும் பின் சைட், கூர்மையான சதுர முனை முன் சைட். பளபளக்கும் புள்ளி வைத்த சைட் அட்டைக்கு உதவாது. லேசர், ரெட் டாட் எல்லாம் ஆட்டத்தைப் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்தும், அவ்வளவுதான்.

கண் முன் சைட்டில் நிலைக்க வேண்டும், அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன் சைட்டே மங்கும். பைஃபோகலை மாட்டிக்கொண்டு தாடையைத் தூக்கிப் பார்ப்பது கழுத்து வலிக்குத்தான் வழி. கண்ணாடிக் கடையில் உங்கள் தூரப் பார்வை எண்ணோடு +0.50 அல்லது +0.75 கூட்டி ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும். அது தெறிக்கும் ஈயத் துகளுக்கும் கவசம்.

கைப்பிடியைச் சோதிக்க: சுவரைப் பார்த்து நின்று, துப்பாக்கியைப் பிடித்து, கண்ணை மூடி, கையை உயர்த்தி, கண்ணைத் திறங்கள். இரண்டு சைட்டும் தானாக நேர்கோட்டில் வந்திருந்தால் அது உங்கள் துப்பாக்கி. முன் சைட் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் கைப்பிடி பொருந்தவில்லை. மரக் கைப்பிடி என்றால் தச்சரிடம் கொடுத்துச் செதுக்கலாம், குறையும் இடத்தில் மரப் புட்டி ஏற்றலாம். பிளாஸ்டிக் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. இடதுகைக்காரர்கள் மரக் கைப்பிடியில் கட்டைவிரல் மேடு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. எடையைப் பொறுத்தவரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பத்து வினாடி பிடித்துப் பாருங்கள். போட்டித் துப்பாக்கி ஏறக்குறைய அந்த எடைதான்.

பெல்லட் தட்டைத் தலையாக இருக்கட்டும், அட்டையில் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். கூர்த்தலை கிழித்துக்கொண்டு போகும், எட்டா ஒன்பதா என்று சண்டை வரும். எடை 0.45 முதல் 0.53 கிராம். ஒரே துப்பாக்கி ஒரு டப்பா பெல்லட்டைக் கொஞ்சும், இன்னொரு டப்பாவைச் சிதறடிக்கும். மூன்று வகை வாங்கி, மணல் மூட்டைமேல் கையைத் தாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுடுங்கள். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து 4.5 கழித்தால் வருவது அதன் அகலம். சாதாரண பிஸ்டலுக்கு 15 மில்லிமீட்டர் வந்தால் சந்தோஷமாக நிறுத்திக்கொள்ளலாம். டப்பாவில் பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கிய பெல்லட்டுகளை முன்பே பொறுக்கி எறியுங்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் முறுக்கில் கை வைக்காதீர்கள், அது ஈயம்.

இனி எங்கே சுடுவது. மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவருக்கு மேல் போன பெல்லட் அடுத்த தெருவில் யார் கண்ணில் படும் என்று தெரியாது, 3.6 ஜூல் ஒரு கண்ணுக்குப் போதும். முன்வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நேர்கோட்டில் ஓடும் பழைய வீடுகளின் நடை இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். பக்கவாட்டுக் கதவுகளை உள்தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. இரும்பாலை ஊர் என்பதற்காக வெறும் இரும்புத் தகட்டை நிமிர்த்தி வைத்துவிடாதீர்கள், ஈயம் தெறித்துத் திரும்பும்.

நம் ஊர்ச் சரக்கிலேயே நல்ல பெட்டி செய்யலாம். மாம்பழம் வரும் மரப்பெட்டி ஒன்று, ஆழம் இருபது சென்டிமீட்டராவது இருக்கட்டும். பின்பக்கம் 12 மில்லிமீட்டர் பிளைவுட், அதற்கு முன்னால் 2 மில்லிமீட்டர் தகடு. உள்ளே விசைத்தறிக் கழிவுத் துணியை மிதித்து மிதித்துத் திணியுங்கள். முன்பக்கம் அட்டைப்பெட்டித் தாள், அதன்மேல் இலக்கு. பெட்டிக்குப் பின்னால் பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்துத் தொங்கலாக விட்டால் தப்பிய குண்டும் அதில் பட்டுக் கீழே விழும். இறுக்கிக் கட்டக் கூடாது, தொங்க வேண்டும். தவறு நடப்பது எங்கே என்றால், எல்லாக் குண்டும் நடுவிலேயே போய்ப்போய்த் துணியில் சுரங்கம் விழுந்துவிடும். பிறகு தகடு நேரடியாக அடிவாங்கும், டிங் என்று சத்தம் வரும். ஐந்நூறு குண்டுக்கு ஒருமுறை துணியைக் கிளறித் திரும்பத் திணித்தால் அந்தச் சத்தம் வராது.

எண்ணெயில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: தேங்காய் எண்ணெய். சேலத்தில் விட்டால் ஓடும், ஏற்காட்டுக் குளிரில் நெய்யாக உறையும், நாளாக நாளாக இரண்டு ஊரிலும் பிசினாகும். கீல்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. காற்று அடைபடும் சீலுக்குச் சிலிக்கான் எண்ணெய் மட்டும். ஸ்பிரிங் பிஸ்டலின் அறைக்குள் சாதா எண்ணெயை ஊற்றினால் டீசல் என்ஜின்போல் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு வெடிக்கும், புகை வரும், சீல் போகும். பி.சி.பி.யில் அதே தவறு விரலைக் கேட்கும்.

போட்டி அட்டை 17 சென்டிமீட்டர் சதுரம். கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர், பத்தின் வட்டம் 11.5. பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற குறியை எடுத்துவிட்டு, வந்ததும் ஸ்கேல் வைத்துக் கறுப்பை அளக்க வேண்டும். சாதாத் தாள் கிழியும். கல்யாணப் பத்திரிகை அட்டை சரியான தடிமன், அச்சகத்தில் வெட்டியது மிச்சம் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நடை ஆறு மீட்டர்தான் என்றால் கறுப்பை 35.7 மில்லிமீட்டராகச் சுருக்குங்கள். பத்தின் வட்டத்தை அதே விகிதத்தில் 6.9 என்று போட்டால் ஏமாற்று வேலை, ஏனென்றால் பெல்லட் சுருங்கவில்லை. 11.5உடன் 4.5 கூட்டி, 0.6ஆல் பெருக்கி, 4.5 கழிக்க வேண்டும். வருவது 5.1.